யாற்றை பிழை?

"இவங்கள் ரெண்டு கட்சியும் சேந்து என்ரை தம்பியைக் கொல்லப்போறாங்கள்" என்று தொலைக்காட்சியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான் கிறிஸ்துராஜா.

லண்டன் பிளேஸ்டோவில், அக்கா பியற்றிஸின் வீட்டு முன்னறையில், மூன்று கிழமையாக இதே கதைதான். வரவுசெலவுத் திட்டத்தில் அமெரிக்காவின் இரண்டு கட்சிகளும் முரண்டு பிடித்ததில் அந்த நாட்டு அரசாங்கமே கடை பூட்டியதுபோலக் கிடந்தது. லண்டனில் விசா கொடுக்கிற வேலையும் அதோடு நின்றுபோனது.

மற்றவர்களுக்கு அது வெறும் செய்தி. பியற்றிஸுக்கு அதனால் நித்திரை இல்லை. நியூஜேர்சியில் இருக்கும் கடைக்குட்டித் தம்பி அமலதாசனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கிற மெசினில் கிடக்கிறான். பியற்றிஸின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தவில்லை. மிச்சத்தில் இருக்கும் நடுவிலான் கிறிஸ்துராஜாவுடையது அச்சொட்டாகப் பொருந்தியது.

"பொருந்தினால் குடுக்கிறதுதானே, அக்கா. இதென்ன கடையிலை வாங்கிற சாமானோ?" என்று அவன் சொன்ன அன்று பியற்றிஸ் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவனுடைய மனைவி டொலறஸ் மட்டும் இரண்டு பெண்பிள்ளைகளையும் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

டிசம்பர் இருபத்தெட்டில் சத்திரசிகிச்சை என்று நாள் குறித்தார்கள். கிறிஸ்துராஜா அகதியாக வந்தவன். அவனிடம் இருப்பது இங்கிலாந்து கொடுத்த அகதிப் பாஸ்போட் ஒன்றுதான். விசா இல்லாமல் அமெரிக்காவில் கால் வைக்க முடியாது. பதின்மூன்றாம் தேதி அந்தப் பாஸ்போட்டை அமெரிக்கத் தூதரகத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பதினாறில் எல்லாம் பூட்டுப்பட்டது. இருபத்தெட்டும் வந்து, பேசாமல் கழிந்துபோனது.

"ஜனாதிபதியிலை பிழையில்லை. பாராளுமன்றத்திலை இருக்கிற குடியரசுக் கட்சிதான் குழப்புறது" என்பார் பியற்றிஸின் கணவர் சூசைதாசன்.

"இல்லை அத்தான், ஜனாதிபதியின்ரை ஜனநாயகக் கட்சிதான் இறங்கி வராமல் நிக்குது" என்பான் கிறிஸ்துராஜா. மறுநாள் அத்தான் கட்சி மாறினால் இவனும் மாறுவான். ஏச யாராவது ஒருத்தர் இருந்தால் போதும் அவனுக்கு.

"யாற்றை பிழையெண்டு ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார். உயிர் போற கேஸ் எண்டு சொல்லிக் கேட்டுப் பாத்தியோ?" என்று பியற்றிஸ் இடையில் புகுவாள்.

"எத்தினை தரம் போன் அடிச்சிட்டன். ரெக்கோட் பண்ணின குரல்தான் கதைக்குது, அக்கா."

அவன் சும்மா இருந்தான் என்றும் சொல்ல முடியாது. நத்தார்ப் பண்டிகை கழிந்த கிழமை, தன் பங்குக் கோவில் சனத்தோடு கோச்சில் ஏறி, பெல்ஜியத்தில் இருக்கும் மாதா கோவிலுக்குப் போய்வந்தான். அங்கே ஊற்றில் பிடித்த தண்ணீரை மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் போத்தலில் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தான்.

"குளிருக்கை முழங்காலிலை நிண்டு மண்டாடினனான்" என்றபோது அவனுக்குக் கண் கலங்கியது. அன்றிலிருந்து பியற்றிஸ் செபமாலை சொல்லி முடித்ததும் அந்தத் தண்ணீரில் ஒரு துளி தொட்டு, அமலதாசனின் படத்தில் நெற்றியில் சிலுவை வரைவாள். இப்படிப்பட்ட கூடப்பிறந்தவன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொள்வாள்.

இன்று சனிக்கிழமை, ஜனவரி ஆறு, மூவிராசாக்கள் திருநாள். காலையில் அமலதாசனின் மனைவி நிர்மலா நியூஜேர்சியிலிருந்து போன் எடுத்து அழுதிருந்தாள். இந்த மாதம் முடியும்வரை தாங்குவாரோ தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டுத்தான் கிறிஸ்துராஜா இப்போது தொலைக்காட்சியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

செய்தி வாசிப்பவர் அடுத்த செய்திக்குப் போனார். வாஷிங்டனில் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போய்விட்டன. பூட்டிய அலுவலகங்களைத் திறக்கப்போகிறார்கள்.

சூசைதாசன் தொடையில் தட்டிச் சிரித்தார். பியற்றிஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கிறிஸ்துராஜா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"திறந்தாப்போலை உடனை தரமாட்டாங்கள், அக்கா. மூண்டு கிழமைப் பாஸ்போட்டுகள் குவிஞ்சு கிடக்கும். இந்த மாதம் சரிவராது."

"கிடக்கட்டும். திங்கட்கிழமை நானும் உன்னோடை வாறன். டொக்டரின்ரை கடிதத்தைக் காட்டி, அதிலையே நிண்டு விசாவோடை பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு வருவம்."

"உங்களுக்கு ஏன் அக்கா வீண் அலைச்சல்? நான் தனியப் போறன்."

பியற்றிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு இன்றுதான் அவளுக்கு நெஞ்சு இளகியிருந்தது. அமலதாசனின் படத்தடிக்குப் போய் மாதா போத்தலைக் கையில் எடுத்தாள்.

"தாயே, கடல் கடந்து வந்து என்ரை வீட்டைப் பாத்தியே" என்று சொல்லி மூடியைத் திருகியவள், பாதியில் நின்றாள். சொன்னதை இன்னொரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு மூடியை இறுக்கி, போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். கிறிஸ்துராஜா கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜா, பெல்ஜியத்துக்கு எந்தப் பாஸ்போட்டிலையடா போனனீ?"