கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று

பாலத்தின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். சாயங்காலம் வெள்ளைக்கொடி இறங்கும் வரைக்கும் போர் நிறுத்தம். இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் அந்தக் கோட்டின் மேல் பிணங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலை சிதறியது, குடல் சரிந்தது, எதுவானாலும் அங்கிருந்து ஒன்று வந்தால் இங்கிருந்து ஒன்று போக வேண்டும். ஒப்பந்தம் அப்படி. ஹவில்தார் பொன்னுரங்கம் கடைசி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கம் இன்னும் ஒன்று மிச்சம் கிடந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதத்தில் இரண்டு விரல்கள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவன் தம்பி குமரையாவின் பாதம்.

“ஐயா, அதையும் குடுத்துடுங்க. என் கூடப் பொறந்தவன்.”

எதிரி நாட்டு அதிகாரியின் முகம் வாடிப்போனது. ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டி, அவரே பற்றவும் வைத்தார்.

“எங்க ஆளு ஒருத்தன்கூட உங்ககிட்ட மிச்சமில்லையா?”

“ஒரு கைதி இருக்கான். உசிரோட.”

“உசிரோட இருக்கிறவன் இதுல சேர மாட்டானேப்பா. கொடி இறங்கினதும் மிச்சத்தை ஆத்துல தள்ளச் சொல்லி உத்தரவு.” அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பொன்னுரங்கம் கூடாரத்துக்கு நடந்தான். காலில் கட்டோடு கைதி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அதை ஊற்றிக் கொடுத்ததே பொன்னுரங்கம்தான். பாலத்தில் பறந்த வெள்ளைக்கொடியைக் கைதி பார்த்துவிட்டான் போல, முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, இன்னைக்கு நானும் ஊருக்குப் போறேனா?”

பொன்னுரங்கம் கூடாரத்தின் திரையை இறக்கிவிட்டான்.

“ஆமாப்பா,” என்றான். “கஞ்சியக் குடிச்சு முடி.”