சிக்காத விரால்

"என்னங்க சார், இன்னைக்காச்சும் விரால் மாட்டுச்சா?" பைக்கை நிறுத்திக் கேட்டான் அமல்ராஜ்.

"எங்கப்பா! சித்திரையே முடியப்போகுது, ஒண்ணுகூட மாட்டல," என்றார் கண்மாய்க் கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு சர்வேயர் தேனப்பன். "தவளையக் கோத்துப் போடச் சொல்லுச்சு பால்கார அருள்ராணி. கண்டக்டர் தம்பி, அங்கிட்டு மடைப் பக்கம் உக்காரச் சொன்னாரு."

"தண்ணி இம்புட்டு வத்திக் கெடக்கு, மாட்டாம எங்க போகும்? தூண்டிலக் குடுங்க, நான் பாக்குறேன்."

"வேணாம்ப்பா..."

அதற்குள் அமல்ராஜ் தூண்டிலை வாங்கி இழுத்துவிட்டான். தூண்டில் நரம்பின் நுனியில் முள்ளே இல்லை.

"முள்ளு அறுந்துருச்சு போல சார். புதுசு கட்டித் தாரேன்."

"கட்டாதப்பா," என்றார் தேனப்பன், தண்ணீரைப் பார்த்தபடி. "மீன் மாட்டிட்டா பாத்துட்டுப் போயிருவீங்க. மாட்டலைன்னாத்தான் நின்னு ஆளுக்கு நாலு வார்த்த பேசுறீங்க."