திம்பம் மலைக்கு ஒரு பாலிசி

சங்ககிரி செல்லக்கிளியின் லாரிகள் ஆளில்லாமல் ஓடத் தொடங்கியதிலிருந்து, அவற்றை ஓட்டிவந்த அவள் கணவர் ரங்கசாமி வீட்டில் சும்மாதான் இருந்தார்.

அன்று அவள் இன்சூரன்ஸ் கம்பெனியின் இயந்திரக் குரலோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“மலைப்பாதையும் சேத்த பாலிசியே போடுங்க. மைசூர் லோடெல்லாம் திம்பம் வழியாத்தான் போகுது.”

“திம்பத்துக்குத் தர இயலாது. யானை மறித்தால் லாரிகள் தடுமாறுகின்றன. வண்டியில் மனித டிரைவர் இருந்தால் தருகிறோம்.”

“இருக்காருங்க!” என்று கத்தியவள் உள்ளே ஓடினாள். “ஏனுங்க, எந்திரிங்க! இன்சூரன்ஸ்ல உங்களைத்தான் கேக்கறாங்க!”

“என்னையா? எதுக்கு?”

“திம்பம் ஏறத்தானுங்க!”

ரங்கசாமி செருப்புகூடப் போடாமல் வெளியே பாய்ந்தார். நின்றிருந்த லாரியில் ஏறி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரனை அழுத்தினார்.