யார் மருத்துவ வல்லுநர்?

"நீங்க டாக்டரே இல்லையாமே!"

வாட்ச் ரிப்பேர்க்காரர் போட்ட கூச்சலில், கட்டில்களில் குப்புறப் படுத்திருந்தவர்கள் எல்லாரும் கழுத்து வலியை மறந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிசியோதெரபிஸ்ட் அம்மாள் மட்டும் அசையவில்லை. யாரோ ஒருவருடைய குதிகாலைப் பிடித்து நிதானமாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்னு நான் எப்பங்க சொன்னேன்? போர்டுலயே பிசியோதெரபிஸ்ட்னுதானே போட்டிருக்கு?"

"அதைத்தான் கோர்ட்டுல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க! உங்க சர்டிபிகேட்டை என் மூஞ்சியில விட்டெறியாத குறை!"

விஷயம் இதுதான். படியில் உருண்டு விழுந்ததில் வாட்ச்காரரின் முட்டி துருப்பிடித்த கீல் மாதிரி ஆகியிருந்தது. குடியிருப்பதோ மச்சினன் வீட்டு மாடியில். கீழ்வீடு காலியானதும் கேட்டுப் பார்த்தார். "அதை குடோனுக்கு விடப்போறேன் மாமா" என்று கையை விரித்துவிட்டான் அவன்.

போட்டார் வழக்கு. படியேற முடியாத குடித்தனக்காரருக்குத்தான் கீழ்வீடு என்று சட்டமே இருக்கிறது. முடியாது என்பதை ஒரு 'மருத்துவ வல்லுநர்' வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நீதிமன்ற விதிப்படி மருத்துவ வல்லுநர் என்றால் டாக்டர் மட்டும்தான். நீதிபதிகள் குதிரை வண்டியில் வந்திறங்கிய காலத்தில் எழுதிய விதி அது. எலும்பு டாக்டரோ, "எலும்பு கூடிடுச்சு, என் வேலை முடிஞ்சுது. நடையைப் பத்தி அந்தம்மாவைக் கேளுங்க" என்று கழன்றுகொண்டார்.

"அப்ப விதியை மாத்தச் சொல்லி மனு குடுங்க" என்றார் நீதிமன்றக் குமாஸ்தா, கொட்டாவிக்கு நடுவே. "விதிக்குழு மூணாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்."

முதல் தடவை ஏறி முடிப்பதற்குள் வாட்ச்காரர் திட்டிய திட்டில் சுவரில் பாதிச் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது. கைத்தடியை ஊன்றி, ஒரு காலை வைத்து, மறுகாலை இழுத்து மேலே போய்ச் சேர்ந்தால், "முத்திரை கீழே போடணும்" என்றார்கள். கீழே வந்தால், "மேலே கையெழுத்து வாங்கலையே?" மறுபடி மேலே போனால், ஐயா சாப்பிடப் போயிருந்தார். அந்த நேரத்தில் ஒரு கல்யாணப் பந்தியே சாப்பிட்டுக் கை கழுவியிருக்கும்.

தினமும் இதே கதை. கடைக்கு வந்த கடிகாரங்களெல்லாம் நின்ற மணியிலேயே நின்றன.

"நீங்க கோர்ட்டுலயே குடியேறிடுவீங்க போலிருக்கே" என்றாள் மனைவி.

"அங்கேயும் எவனாவது உன் தம்பி இருப்பான். எனக்கு மாடியைத்தான் குடுப்பான்!"

பிசியோதெரபிஸ்ட் அம்மாள் போன் செய்தார். "பயிற்சிக்கு வரதையே விட்டுட்டீங்களே, வீட்டுலயாவது செய்யறீங்களா?"

"நேரம் எங்கம்மா இருக்கு? உங்களை மருத்துவ வல்லுநரா ஆக்கறதுக்கு அலையவே பொழுது போதலை!"

பல் டாக்டரின் உதவியாளரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று விதிக்குழு அடித்துக்கொண்டு, கூட்டத்தைத் திரும்பவும் ஒத்திவைத்தது. அன்று வாட்ச்காரருக்கு வந்த கோபத்தில் கைத்தடியை மேலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பியூன் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, தெருமுனையில்தான் மூச்சிரைக்க அவரைப் பிடித்தார்.

ஒருவழியாக விதி மாறியது. மருத்துவ வல்லுநர் என்றால் இனி டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும்தான்.

விசாரணையன்று வாட்ச்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு மச்சினனைப் பார்த்தார். "என்னடா, கீழ்வீட்டுச் சாவி கையிலதானே இருக்கு?"

"இருக்கு மாமா" என்றான் அவன், அழாத குறையாக.

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பழைய சர்டிபிகேட் வேண்டாம். புது விதிப்படி இங்கேயே பரிசோதிச்சு, சத்தியம் பண்ணிச் சொல்லுங்கம்மா. இவரால படியேற முடியுமா, முடியாதா?"

அம்மாள் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தார். முட்டியை மடக்கினார், நீட்டினார், அழுத்தினார். பிறகு புருவத்தைத் தூக்கி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தயங்காம சொல்லுங்கம்மா!" என்று உறுமினார் வாட்ச்காரர். "இனிமே உங்க வார்த்தையை எவனும் தட்ட முடியாது!"

அம்மாள் நீதிபதி பக்கம் திரும்பினார்.

"முட்டி பூரண குணம்ங்க ஐயா. ஆனா வைத்தியம் பார்த்தது நான் இல்ல, உங்க கோர்ட்டு மாடிப்படி!"