ரப்பர் சட்டை

மோதினால் துளி ஆற்றலும் வீணாகாத ரப்பர் சட்டையை எல்லா வண்டிகளுக்கும் மாட்டிவிட்ட பிறகு, சென்னையில் யாருக்கும் அடிபடுவதில்லை. எடை குறைந்த வண்டி மட்டும் போன வேகத்திலேயே வந்த வழி திரும்பிவிடும்.

பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு, இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவுகட்டி, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிய தணிகாசலம், சிக்னலில் நின்றிருந்த தண்ணீர் லாரியில் ஸ்கூட்டரோடு போய் முட்டினான்.

“யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?” என்று கத்தினார் லாரி டிரைவர்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் பின்னோக்கிப் பறந்து, பாலத்தையும் குழாயடியையும் தாண்டி, வீட்டு வாசலில் வந்து நின்றது. அஞ்சலை கதவைத் திறந்தாள்.

“இன்னாய்யா மறந்துட்ட?”

“உன்னாண்ட சொல்லிக்கினு போலாம்னு…”

“சொல்லிட்டல்ல, கெளம்பு. இந்தத் தபா சைக்கிளாப் பாத்து மோது!”