மூன்றாவது தாழ்ப்பாள்

"பொண்ணு என்கிட்ட தாழ்ப்பாள் கேக்கிறா, அதுவும் உங்களுக்குத் தெரியாம! இடைவேளை முடிஞ்சா நேரத்துக்கு வகுப்புக்கு வர்றதில்லைன்னு டீச்சர் வேற சொல்றாங்க. எதுவோ சரியில்லைங்க" என்று மனைவி காதைக் கடித்தாள்.

தச்சருக்குச் சுருக்கென்றது. மகளைக் கூப்பிட்டார்.

"ரூமைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன ரகசியம்?"

"ரூமுக்கு இல்லப்பா, பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்கு. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. ரெண்டு கதவுலயும் தாழ்ப்பாள் இல்ல. உள்ளே யார் போனாலும் நான்தான் கைக்கு ஒரு கதவா பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"ஏன், வேற ஆளே கிடைக்கலையா?"

"தச்சர் பொண்ணுதானே, கதவு உன் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. கடைசி ஆள் வெளியே வர்றதுக்குள்ள பாதிக் கணக்கு வகுப்பு முடிஞ்சிடுது. நான் நிக்கலேன்னா நாலு பேர் ஸ்கூலுக்கே வரமாட்டாங்கப்பா."

தச்சர் கருவிப் பையைத் திறந்து தாழ்ப்பாள்களை எடுத்து வைத்தார்.

"நாளைக்கு நானே வந்து மாட்டித் தர்றேன்."

"ரெண்டுதானேப்பா சொன்னேன்? மூணு இருக்கே!"

"ஒண்ணு உன் ரூமுக்கு" என்றவர், மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "உள்ளே நீ நிம்மதியா கணக்குப் போடு. வெளியே உங்கம்மா காவல் நிக்கட்டும்."