தண்ணீர் நிரப்பாத தொட்டியில்

முன்வரிசையில் நர்ஸ். அவளுக்கு அடுத்துப் பேக்கரிக்காரம்மா, ஒன்றரை நாற்காலியை நிறைத்துக்கொண்டு. ஜன்னலோரம் எலக்ட்ரீஷியன். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர். பாதி உடம்பு வகுப்பிலும் பாதி வாசலிலுமாக.

போதகர் மட்டும் உட்காரவில்லை. கையிலிருந்த சாக்பீஸை உடைத்துக்கொண்டே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இந்த நால்வருக்கும் ஞானஸ்நானம்; அதற்கான கடைசி வகுப்பு இது. மேடைப் பலகைகளைத் தூக்கி வைத்திருந்தார்கள். கீழே ஞானஸ்நானத் தொட்டி காய்ந்து கிடந்தது. தண்ணீர் சனிக்கிழமைதான் நிரப்புவார்கள்.

அதற்கு முன் ஒத்திகை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, போதகரின் கையில் மல்லாக்கச் சாய வேண்டும். அவ்வளவுதான்.

போன தடவை ஒருவர் தண்ணீருக்குள் விறைத்துக்கொண்டு, படியில் மண்டையை இடித்துக்கொண்டார். தண்ணீர் சிவந்துவிட்டது. அன்றைக்குப் போதகரே வைத்த சட்டம் இது: காய்ந்த தொட்டியில் சாயாதவரைத் தண்ணீரில் இறக்க மாட்டார். யாராக இருந்தாலும்.

அந்த 'யாராக இருந்தாலும்' இப்போது அவருக்கே குறுக்கே வந்து நின்றது.

இதுவரை நடந்த ஒத்திகைகளில் பெரியவர் சாயவே இல்லை. இன்று கடைசி. இன்றும் நிறுத்தினால், அந்த மனிதர் தங்கியிருக்கும் லாரி ஷெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். போதகருக்கு அதில் சந்தேகமே இல்லை.

மேசைமேல் இன்னொரு தலைவலி. தாயாருக்கு எழுதத் தொடங்கிய கடிதம் காலையிலிருந்து பாதியில் கிடந்தது. அம்மாவுக்குக் காது மந்தம், போன் ஒத்துவராது. வாரம் தவறாமல் கடிதம்தான். இன்று 'ஞாயிற்றுக்கிழமை' என்ற சொல்லோடு பேனா நின்றுவிட்டது. வரச் சொல்வதா, வேண்டாம் என்பதா? சாயங்காலத் தபாலை விட்டால் ஞாயிறுக்குள் போய்ச் சேராது.

"முதுகை வளைக்காதீங்க பாஸ்டர், முழங்காலை மடக்குங்க" என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டுத்தான் நர்ஸ் சாய்ந்தாள்.

"ரெண்டு மைதா மூட்டை கனம் ஐயா, தாங்குவீங்களா?" என்றாள் பேக்கரிக்காரம்மா. தாங்கினார்.

எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் சுவிட்ச் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாய்ந்தான்.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

முதல் வகுப்பன்றே, மற்றவர்கள் வருமுன் அவர் போதகரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். "இங்க நானும் எல்லாரையும் போலத்தான். என்னைப் பெரியவர்னு கூப்பிடுங்க, நான் ஐயான்னு கூப்பிடுறேன். வேற பேச்சு வேண்டாம்."

போதகர் அவர் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்தார். கழுத்து ஜாக்கி வைத்ததுபோல நின்றது.

"சாயுங்க பெரியவரே."

"சாஞ்சிட்டுதான் இருக்கேன் ஐயா."

இம்மி நகரவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தபால்காரர் பெட்டியைத் திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தவன் ஓட்டும் வண்டியில் ஒருநாளும் கண்ணை மூடாத மனிதர். போதகர் எதேச்சையாகக் கீழே பார்த்தார். பெரியவரின் வலது கால் தொட்டித் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல பிரேக்குல இருந்து காலை எடுங்க!"

பேக்கரிக்காரம்மா குபீரென்று சிரித்தாள். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வயிறு சொன்னபேச்சைக் கேட்கவில்லை, குலுங்கியது. கால் தளர்ந்தது. அந்த நரைத்த தலை, அதன் முழுக் கனத்தோடும், போதகரின் உள்ளங்கையில் வந்து இறங்கியது.

மல்லாந்தபடியே, கண்ணைத் திறக்காமல், பெரியவர் சொன்னார்:

"உங்கம்மாவைக் கெளம்பி வரச்சொல்லி எழுதிப் போட்டுடுடா."

சிரிப்பு நின்றுபோயிற்று. நர்ஸ் எலக்ட்ரீஷியனைப் பார்த்தாள். போதகர் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே தாங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு மேசைக்கு ஓடினார். 'ஞாயிற்றுக்கிழமை'க்குப் பக்கத்தில் 'கட்டாயம் வந்துவிடுங்கள் அம்மா' என்று எழுதி, உறையிலிட்டு ஒட்டினார்.

பெரியவர் அதைக் கேட்டு வாங்கினார். எட்டப் பிடித்து, ஊரிலுள்ள தம் வீட்டு விலாசம் சரிதானா என்று பார்த்தார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இன்னொரு தரம் அழுத்தினார்.

தெருமுனைத் தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, பெட்டியின் விலாவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"போலாம், ரைட்!"